விருத்தகிரியின் முகம்

உங்கப்பன் அனுப்பிச்சானா, நீயா வந்தியா? அத மொதல்ல சொல்லிடு. அப்பறம் காப்பி போடறேன்.

நீயாத்தான் வந்திருக்க. தெரியும். அவன் அனுப்ப மாட்டான். என் கூடப் பொறந்தவன் ஒருத்தன்தான், அம்பலவாணன். அவனுக்கு இந்த அக்கா உசுரோட இருக்காளான்னே தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவான். உக்காரு மாறா. அங்க வேணாம், அந்த நாற்காலி ஆடும். இங்க ஜன்னல்கிட்ட உக்காரு. கொஞ்சம் இப்படித் திரும்பி. ம், போதும். லைட்டு போட வேணாம், இன்னும் பொழுது இருக்கு. டியூப் லைட்டு போட்டா மனுசன் மூஞ்சி அப்பளமாயிடும்.

என் கை பாட்டுக்கு ஏதாவது கிறுக்கிட்டு இருக்கும், நீ கண்டுக்காத. பேசறப்ப எனக்குக் கை சும்மா இருக்காது. இது என்ன தெரியுதா, கல்யாணப் பத்திரிகை. பின்பக்கம் நல்ல அட்டை, பென்சில் வழுக்கிட்டு ஓடும். யாரு வீட்டுக் கல்யாணமோ. எனக்கு வர்ற பத்திரிகை எல்லாம் கடைசியில இப்படித்தான் ஆகுது. உன் கல்யாணப் பத்திரிகைதான் எனக்கு வரல. இருக்கட்டும். அத இப்பப் பேசி என்ன.

நீ போன்ல சொன்னத நான் சொல்றேன், சரியான்னு பாரு. ‘கிணற்று நட்சத்திரம்’ தொடர்கதையப் படத்தோட புத்தகமா போடப் போறாங்க. அதுக்கு விளம்பரம்னு ஒரு படத்த எல்லாரு போனுக்கும் அனுப்பிட்டாங்க. கதையில வர்ற விருத்தகிரி கையில லாந்தரோட கிணத்தடியில நிக்கிற படம். அது சுத்திச் சுத்தி உங்கப்பன் போனுக்கும் வந்துடுச்சு. பாத்ததுலருந்து மனுசன் சரியா சாப்பிடல, யாருகிட்டயும் பேசல. அந்தப் படத்துல இருக்கிறது அவன் முகம். அதனால, அத்தை, அந்தப் படங்களப் போட வேணாம்னு சொல்லுங்க. அவ்வளவுதான?

எவ்வளவு சுளுவா கேட்டுட்ட. அட்டையில மொத தடவையா என் பேரு வரப் போகுது, தெரியுமா உனக்கு? ஓவியம், வேதநாயகி. கதாசிரியர் பேரு எந்த அளவோ அதே அளவுல. என் ஆயுசு பூரா வாரப் பத்திரிகைக்குப் படம் போட்டவ நான். மூலையில எறும்பு சைசுல ‘வேதா’ன்னு கையெழுத்து போடுவேன். பக்கம் வெக்கறவன் எடம் பத்தலன்னு அதையும் வெட்டிடுவான். இப்பத்தான் ஒரு புள்ளாண்டான் தேடிக்கிட்டு வந்து, அம்மா, இந்தக் கதையே உங்களோடதுங்கறான். அத விடச் சொல்ற நீ.

இந்தா காப்பி. சக்கர கம்மிதான், உங்கப்பனுக்கும் இப்படித்தான் புடிக்கும். புடிச்சது. இப்ப எப்படியோ.

நீ கத தெரியாம பேசற. உனக்கு உங்கம்மா ஒரு பக்கத்தத்தான் சொல்லி வளத்திருப்பா. நான் துரோகம் பண்ணவ, அதான? என் முதுகுல குத்தினது யாருன்னு நான் சொல்றேன், கேளு. கேட்டுட்டு அப்பறம் நீ சொல்லு.

ஆழிநம்பின்னு பேரு கேள்விப்பட்டிருப்ப. அவருதான் எழுதினாரு. அப்ப நம்பி சார்னுதான் சொல்லுவேன், இப்ப அந்த ஆளு. பேய்க்கத எழுதினா பத்திரிக விக்கும்னு ஆசிரியர் கேட்டாரு. இந்த ஆளு, பேய் வேணாம், நான் வேற ஒண்ணு எழுதறேன்னாரு. வெளிநாட்டுல அந்தக் காலத்துலயே அப்படி ஒரு வகை எழுதுவாங்களாம். பேய்னா நமக்குத் தெரிஞ்சவங்க செத்துட்டு வர்றது. அதுக்கு நம்ம மேல ஒரு கோவமாவது இருக்கும். இதுல வர்றதுக்கு நாம இருக்கறதே தெரியாது. பூமி உண்டாறதுக்கு முன்னாடியே எங்கயோ இருந்தது, அதுபாட்டுக்கு இருக்கு, அது ஒரு தடவ பொரண்டு படுத்தா நாம எல்லாம் காலி. கோவமும் இல்ல, கருணையும் இல்ல.

கத இதுதான். ஒரு மலை. மேல வானம் பாக்கறதுக்குன்னு கட்டின பழைய பங்களா. அதுக்குக் காவக்காரன் விருத்தகிரி. பின்னாடி ஒரு கிணறு. அதுல எட்டிப் பாத்தா நட்சத்திரம் தெரியும், ஆனா அது நம்ம வானத்து நட்சத்திரம் இல்ல. கிணத்துக்கு அந்தப் பக்கம் வேற வானம் இருக்கு, அங்க ‘அது’ இருக்கு. விருத்தகிரி அதுக்குக் கதவத் தொறந்து விடப் பாக்கறான். அவன்தான் வில்லன்.

எப்படிப்பட்ட வில்லன்? நம்பி சார் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்துலருந்து படம் காட்டினாரு. கண்ணு ரெண்டும் வெளிய பிதுங்கி, தாடி, வளைஞ்ச விரலு. இந்த மாதிரி போட்டுடுங்க வேதா அப்படின்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சார், வீட்டுல ஒரு கொறையும் இல்லாதவன் எதுக்கு சார் பாழுங்கிணத்துல போயி எட்டிப் பாக்குறான், அப்படின்னேன். அதெல்லாம் பாத்துக்கலாம், நீங்க போடுங்கன்னுட்டுப் போயிட்டாரு.

இங்கதான் நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். தொடர்கதைன்னா எழுதி முடிச்சு வெச்சிருப்பாங்கன்னு நெனப்ப. கெடையாது. அந்த வாரத்து அத்தியாயம் அந்த வாரம்தான் எழுதுவாங்க, அதுவும் கடைசி நேரத்துல. படமோ ரெண்டு நாள் முன்னாடியே அச்சுக்குப் பிளாக் எடுக்கப் போயாகணும். அப்ப படம் போடறவ என்ன பண்ணுவா? எழுத்தாளரு போன்ல ஒரு வரி சொல்லுவாரு. ‘காதலி பஸ் ஸ்டாப்புல நிக்கிறா, சோகம்.’ அவ்வளவுதான். நாம வரைஞ்சு அனுப்பிடுவோம். அப்பறம் அவரு படத்தப் பாத்துட்டுத்தான் எழுதுவாரு. நான் அவளுக்குக் குடை குடுத்திருந்தா அவரு மழை பெய்ய வெக்கணும். எல்லாப் பத்திரிகையிலயும் இதான் நடைமுறை. யாரும் வெளிய சொல்லிக்க மாட்டாங்க.

விருத்தகிரிக்கு வந்த வரி என்ன தெரியுமா? ‘வில்லன் கிணத்தடில நிக்கிறான், கையில லாந்தர், போட்டுடுங்க.’

உக்காந்தேன். பிதுங்கின கண்ணப் போட்டுப் பாத்தேன், கிழிச்சேன். தாடி போட்டேன், சாமியாரு மாதிரி வந்தது, கிழிச்சேன். அப்பறம் ஞாபகம் வந்தது.

உங்க அக்காவ உனக்குத் தெரியாது. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. கோதை. மூளைக்காய்ச்சல்னு மாயவரத்துலருந்து இங்க பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு வயசு முடிஞ்சு கொஞ்சம். ஆஸ்பத்திரியில கூட இருந்தது யாரு? நான்தான். உங்கம்மா செண்பகம் மயங்கி மயங்கி விழுந்துட்டு இருந்தா. சோறு கட்டிக்கிட்டு ஓடினது நான், டாக்டரு பின்னாடி ஓடினது நான், ரத்தம் குடுத்தது நான். இத உங்கம்மா சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டா.

அன்னிக்குக் கொஞ்சம் பால் குடிக்கக் கேக்குதுன்னு நர்ஸ் சொன்னாங்க. உங்கப்பனுக்கு முகமெல்லாம் சந்தோசம். பிளாஸ்க்க எடுத்துட்டு ஓடினான். அவன் வாங்கிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு. வராந்தாவுல வந்து நின்னான். யாரும் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவனுக்கே தெரிஞ்சுடுச்சு. ஆனா அந்தப் பிளாஸ்க்க மட்டும் கீழ வெக்கல. ரெண்டு கையாலயும் கொஞ்சம் முன்னாடி நீட்டிப் புடிச்சுக்கிட்டு, யாராவது வந்து வாங்கிப்பாங்கன்னு நிக்கிற மாதிரி நின்னான். ரொம்ப நேரம். கதவையே பாத்துக்கிட்டு.

நான் பெஞ்சில உக்காந்திருந்தேன். எனக்கு அழுகை வரல. என்ன பண்றதுன்னே தெரியல. கையில மருந்துச்சீட்டு இருந்தது, பேனா இருந்தது. நாலு கோடு. அவன் தோளு, கழுத்து, அந்தக் கண்ணு. மத்தவங்களுக்கு அழுகை கண்ணுல வரும், எனக்குக் கையில வந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

அந்தச் சீட்டு என் பெட்டியில இருந்தது. அதத்தான் எடுத்தேன். பிளாஸ்க்க எடுத்துட்டு அந்த எடத்துல லாந்தர வெச்சேன். கதவு இருந்த எடத்துல கிணறு. வேற ஒண்ணும் மாத்தல.

சுத்தி மசிய அப்பி, கிணத்துக்குள்ள மட்டும் வெறும் பேப்பரா விட்டுட்டேன். ‘அத’ வரையவே இல்ல. அத வரைய முடியாதுன்னு எனக்குத் தோணிடுச்சு. அந்த வெள்ளை அப்படியே அவன் மூஞ்சியில அடிக்கும். இருட்டுல அந்த ஒரு மூஞ்சி மட்டும்.

தலைய ஆட்டாத மாறா. கழுத்து வலிக்குதா? இல்ல, சும்மா சொன்னேன். காப்பி ஆறுது பாரு.

படம் போன அன்னிக்கே நம்பி சார் என் வீட்டுக்கு வந்துட்டாரு. அதுவரைக்கும் எந்த எழுத்தாளரும் என் வாசப்படி மிதிச்சதில்ல. படத்தக் கையில வெச்சுக்கிட்டே கேட்டாரு, வேதா, இவனுக்கு ஒரு கொழந்த இருந்திருக்குமான்னு. இருந்தது சார், பொண்ணு, அப்படின்னுட்டேன். வாயில தானா வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து கதைய மாத்திட்டாரு. செத்துப்போன மகள அந்த வானத்துலருந்து திருப்பி வாங்கறதுக்காகத்தான் விருத்தகிரி கிணத்துக்கிட்ட நிக்கிறான். ஊருக் கொழந்தைங்கள ஒவ்வொண்ணா கூட்டிட்டுப் போறான், ‘இத வெச்சுக்கிட்டு என் பொண்ணத் தா’ன்னு கெஞ்சறான். அதுக்குக் காதே கெடையாது. அவனுக்கு அது புரியல. அடுத்த கொழந்தையத் தேடிப் போறான்.

தமிழ்நாடே அழுதுச்சு. பொய் சொல்லல. விருத்தகிரியக் கொன்னுடாதீங்கன்னு மூட்டை மூட்டையா கார்டு. சேலத்துலருந்து ஒரு அம்மா, விருத்தகிரி மகளுக்குன்னு சின்னச் சட்டையே தெச்சு அனுப்பிட்டாங்க. கொழந்தைங்களத் தூக்கிக் கிணத்துல போடறவன் மேல ஜனங்களுக்கு அவ்வளவு பிரியம். ஏன்? எழுத்துனாலயா? அந்த மூஞ்சினால. கெட்டவனா ஒருத்தனும் பொறக்கறதில்ல, ஏதோ ஒண்ணு கையவிட்டுப் போயிருக்கும், அதத் தேடிக்கிட்டுப் போறப்ப பக்கத்துல இருக்கறவன் மேல மிதிச்சுடறான். அத நான் ஒரு மூஞ்சியில காட்டினேன். பெரிய பெரிய எழுத்தாளனுங்களுக்கு வராதது.

உங்கப்பன் வந்தானான்னு கேக்கற. வந்தான். ஒரே ஒரு தடவ.

மாயவரத்துல அவன் சின்னப் பசங்க பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. எந்தப் பையனோ படத்தக் கிழிச்சுக் கரும்பலகையில ஒட்டிட்டான். அப்பறம் பசங்க விருத்தகிரி சாருன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பசங்கன்னா அப்படித்தான், கிண்டல் பண்ணத்தான் செய்யும். பள்ளிக்கூட வாசல்ல ஒரு பொம்பள, அவன் கிட்ட வந்ததும் தன் கொழந்தையக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டாளாம். அத இவன் மனசுலயே வெச்சுக்கிட்டான். பத்திரிகையச் சுருட்டிக் கையில வெச்சுக்கிட்டு இங்க வந்தான். இதே வாசல்லதான் நின்னான். உள்ள வாடான்னா வரல.

‘அக்கா, நான் அங்க நின்னப்ப நீ என்ன பண்ணிட்டு இருந்த?’ அப்படின்னான்.

உன் பக்கத்துலதானடா இருந்தேன், அப்படின்னேன்.

‘பக்கத்துல இல்ல. பாத்துக்கிட்டு இருந்த.’

நீயே சொல்லு, இதுக்கு என்ன அர்த்தம்? பக்கத்துல இருந்தாப் பாக்க மாட்டாங்களா? நான் அந்தக் கார்டுங்கள எல்லாம் அள்ளிக்கிட்டு வந்து காட்டினேன். படிச்சுப் பாருடா, எவ்வளவு பேரு உனக்காக அழுவுறாங்க பாரு, கோதைக்குச் சட்டை கூட வந்திருக்குடான்னேன். சட்டையக் கையில வாங்கினான். பாத்தான். திண்டுல வெச்சுட்டு, அடுத்த வாரம் அந்த மூஞ்சிய மாத்திடுக்கான்னான். அவ்வளவுதான் கேட்டான்.

எப்படி மாத்தறது? பாதிக் கதையில வில்லன் மூஞ்சிய மாத்தினா வாசகர் சும்மா விடுவாங்களா? ஆசிரியர் சும்மா விடுவாரா? அவன்கிட்ட தன்மையா எடுத்துச் சொன்னேன். இது உன் மூஞ்சி இல்லடா, விருத்தகிரி மூஞ்சி ஆயிடுச்சு, என் கையிலயே இல்லன்னேன். படியெறங்கிப் போயிட்டான். காப்பி கூடக் குடிக்கல.

அதோட விட்டிருந்தா சரியாப் போயிருக்கும். உங்கம்மாதான் பெருசாக்கிட்டா. கடைசி வாரத்துக்கு நம்பி சார் சொன்ன வரி, ‘கிணத்துலருந்து ஒரு சின்னக் கை வருது.’ வரைஞ்சேன். கொழந்தைக் கைன்னா சும்மா மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்? மணிக்கட்டுல கருப்பும் வெள்ளையும் மணி கோத்து ஒரு வளையல் போட்டேன். நடுவுல ஒரு செவப்பு மணி இருக்கும், அச்சுல செவப்பு வராது, அதனால அத மட்டும் பெருசா போட்டேன். கடையில தொங்கின பத்திரிகைய உங்கம்மா பாத்துட்டு அங்கயே உக்காந்துட்டாளாம். எல்லாக் கொழந்தைங்களும் போடற வளையல்தான அது. கோதைக்கு நான்தான் கோத்துப் போட்டேன், அதனால எனக்கு அது நல்லாத் தெரியும். என் கை கோத்தத என் கை வரையக் கூடாதா?

அதுக்கப்பறம் உங்கப்பன் பேசல. ஊர மாத்திக்கிட்டான், பள்ளிக்கூடத்த மாத்திக்கிட்டான். நீ பொறந்தது எனக்கு அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சது. எங்க அம்மா செத்தப்ப ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னோம், நடுவுல அம்மா. நிமிந்து பாக்கல. எனக்குன்னு யாரு இருக்கா? கல்யாணம் பண்ணிக்கல, புள்ள குட்டி இல்ல. இருந்தது ஒரு தம்பி. ஒரு படத்துக்காக அக்காவ வேணாம்னு விட்டவன் அவன். யாரு யாருக்குத் துரோகம் பண்ணதுன்னு நீ படிச்ச புள்ள, யோசிச்சுப் பாரு.

இரு, நான் இன்னும் அந்த ஆளு கதைக்கே வரல.

தொடர் முடிஞ்சு புத்தகமா வந்தது. படம் ஒண்ணு கூடக் கெடையாது. புத்தகமா போடறப்ப படத்தத் தூக்கிடறது வழக்கம்தான், அதுக்கு நான் கோவிச்சுக்கல. வெளியீட்டு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. இருக்கறதுலயே நல்ல பட்டுப் பொடவையா கட்டிக்கிட்டுப் போயி மூணாவது வரிசையில உக்காந்தேன். மேடையில கூப்பிடுவாங்க, என்ன பேசறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே போனேன். அந்த ஆளு ஆசிரியருக்கு நன்றி சொன்னாரு, பொண்டாட்டிக்கு நன்றி சொன்னாரு, எழுதறப்ப வெத்தல வாங்கிக் குடுத்தவனுக்கு நன்றி சொன்னாரு. அப்பறம் சொல்றாரு, விருத்தகிரியின் முகம் எனக்கு ஒரு நாள் தியானத்துல தெரிஞ்சதுன்னு. கை தட்டறாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. பக்கத்துல இருந்த அம்மாவும் தட்டறாங்க, என்னையும் தட்டச் சொல்றாங்க.

முடிஞ்சப்பறம் போயி நேராக் கேட்டேன். சார், அது என் தம்பி மூஞ்சி சார், உங்க தியானத்துல எங்கருந்து வந்ததுன்னு. அந்த ஆளு சிரிச்சாரு. ‘நான் உங்க படத்துலருந்து எடுத்தேன் வேதா, நீங்க உங்க தம்பிகிட்டருந்து எடுத்தீங்க. அவருகிட்ட கேட்டுட்டா எடுத்தீங்க?’ அப்படின்னுட்டு அடுத்த ஆளுக்குக் கையெழுத்து போடப் போயிட்டாரு.

இது ஒரு பதிலா? ரெண்டும் ஒண்ணா? கூடவே இருந்து, நம்பிக்கையா பழகி, அடுத்தவ உசுரக் குடுத்துப் பண்ணத எடுத்துக்கிட்டு, கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டா அதுக்குப் பேரு என்ன? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மனசு ஆறியிருப்பேன். இன்னிக்கு வரைக்கும் ஆறல. அந்த ஆளு போயி சேந்தாச்சு, அப்பவும் ஆறல. பேப்பர்ல போட்டிருந்தான், ‘மறக்க முடியாத முகத்தைப் படைத்தவர்’ அப்படின்னு. பேப்பரக் கீழ வெச்சுட்டு நான் சாப்பிடவே இல்ல அன்னிக்கு.

இப்ப இந்தப் புத்தகக் கம்பெனிப் புள்ளாண்டானுக்கு யாரோ ஒரு வாசகி வீட்டுல கெடைச்சிருக்கு. அந்தக் காலத்துல வாரா வாரம் தொடர்கதையக் கிழிச்சு, சேத்து பைண்டு பண்ணி வெச்சுக்குவாங்க இல்ல, அது. படத்தோட. அவன் பாத்துட்டுச் சொல்றான், அம்மா, எழுத்த மட்டும் படிச்சா விருத்தகிரி சாதாரண ஆளு, படத்தப் பாத்தாத்தான் அழுகை வருதுன்னு. இத கேக்கத்தான் நான் இத்தனை வருசம் உக்காந்திருந்தேன். இப்ப நீ வந்து நிறுத்துங்கற.

என்ன சொன்ன? சத்தமா சொல்லு, காது முன்ன மாதிரி இல்ல.

பிளாஸ்க்கா?

உங்க வீட்டுல பிளாஸ்க்கே கெடையாதா. உனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து. இப்ப உன் கொழந்தைக்கு ராத்திரி வெந்நி வேணும்னாலும் உங்கப்பன் எந்திரிச்சு அடுப்பப் பத்த வெக்கறானா. ஒவ்வொரு தடவையுமா?

ஒண்ணும் இல்ல. கண்ணுல தூசி.

இப்பல்லாம் நல்ல நல்ல பிளாஸ்க் வருது, எவர்சில்வர்ல. நான் ஒண்ணு வாங்கித் தர்றேன், எடுத்துட்டுப் போ. வேணாமா. சரி, வேணாம்.

நீ கொஞ்ச நேரம் பேசாம இரு.

அவன் எந்திரிச்சு அடுப்பப் பத்த வெக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எடது தோள கொஞ்சம் எறக்கி நிப்பான். சின்னப் புள்ளையிலருந்தே அப்படித்தான். வயசானா கூனு விழுந்திருக்கும். நான் அவனப் பாக்கணும்டா மாறா. செத்துப் போறதுக்குள்ள ஒரு தடவ. படம் போட இல்ல. சும்மா பாக்கணும்.

சரி. விட்டுடறேன்.

ஆமா, நெஜமாத்தான் சொல்றேன். என் தம்பி மூஞ்சி வேணாம். அவன விட எனக்கு அட்டையில பேரு பெருசா? நம்பலன்னா இரு, உன் முன்னாடியே பேசறேன். கண்ணாடிய எடு. ம், அந்த நம்பருதான்.

ஹலோ, நான் வேதநாயகி பேசறேன்ப்பா. நல்லா இருக்கேன். இங்க பாரு, பழைய படம் ஒண்ணு கூடப் போட வேணாம். விளம்பரத்தையும் எடுத்துடு, இன்னிக்கே எடுத்துடு. காரணமெல்லாம் கேக்காத. அந்த மூஞ்சி வேணாம். இல்லப்பா, கத நிக்க வேணாம், புத்தகமும் நிக்க வேணாம். நான் புதுசா வரைஞ்சு தர்றேன். எல்லாத்தையும் புதுசா. ஆமா, முடியும், கை இன்னும் நடுங்கல. பேரு அட்டையில உண்டு இல்ல? அதே அளவுல? சரி, வெச்சுடறேன்.

கேட்டுட்டியா. போதுமா? அட, எதுக்கு அழற. கையெல்லாம் புடிக்காத, போ. இந்த அத்தை அவ்வளவு மோசமில்லன்னு உங்கப்பன்கிட்ட போயி சொல்லு. அவன் மூஞ்சி இனிமே எந்தப் புத்தகத்துலயும் வராது. இது என் அம்மா மேல சத்தியம். சொல்லுவியா? அக்கா உடனே சரின்னுட்டான்னு சொல்லு. கொஞ்சம் யோசிச்சான்னெல்லாம் சொல்லாத.

என்னமோ பெரிய பாரம் எறங்கின மாதிரி இருக்கு. ஒரு வேள அவன் வருவான். வருவானா? வந்தா இந்த ஆடற நாற்காலிய மொதல்ல தூக்கிப் போடணும்.

சரி, கொழந்த கொழந்தன்னு சொல்ற, கண்ணுல காட்டவே இல்லயே. படம் வெச்சிருப்ப இல்ல போன்ல. காட்டு. பேரு என்ன வெச்சிருக்கீங்க?

கோதையா.

உங்கப்பனா வெச்சான். ம்.

எந்திரிக்காத, எந்திரிச்சு வர வேணாம், நான் அப்பறம் பாத்துக்கறேன். நீ பாரு. நல்ல படமா தேடி எடு, சிரிக்கிற படம். லைட்டு வேணாம், இருட்டட்டும். அப்படியே ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ. கொஞ்சம் முன்னாடி நீட்டி. ஆங். அந்த வெளிச்சம் அப்படியே உன் மூஞ்சியில அடிக்குது பாரு.

உங்கப்பன் கண்ணு இல்ல உனக்கு. உனக்கு வேற கண்ணு, உங்கம்மா வழி. நல்லதாப் போச்சு, சொன்ன வாக்கு வாக்குதான்.

போன எறக்காத கண்ணு. லாந்தர அங்கதான் வெக்கப் போறேன்.